ஓர் உயிரணுவைத் தனியே வளர்த்தவர்

மருந்து என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை வேர், பட்டை, இலை; அவை அல்லவெனில், ரசாயனத் தொழிற்சாலையிலே ஆக்கப்படும் மாத்திரை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று இன்று உலக மருத்துவமனைகளிலே வழங்கி வருகிறது. அது, உயிருள்ள பிராணியின் உயிரணுக்களைப் பெருந்தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. இதயத்தின் இரத்தக் குழாயை அடைத்துக்கொண்ட உறைவைக் கரைக்கும் ஊசிமருந்து, சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தச் சோகையைப் போக்கும் மருந்து, சில வகைப் புற்றுநோய்க்குத் தரப்படும் எதிர்ப்பொருள் மருந்து ஆகியவை அவ்வழி வந்தவை. இத்தகைய மருந்துகளுள் மிகப் பலவற்றை ஆக்கித் தருபவை, சீன ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கு ஒன்றின் சினைப்பையிலிருந்து 1957-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட உயிரணுக்களின் வழித்தோன்றல்களே. அவற்றை எடுத்து வளர்த்தவர் தியோடர் பக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். மருந்து செய்வது அவர் நோக்கமாக இருக்கவில்லை. அவர் நாடியது என்ன, அது எவ்வாறு மருந்தாயிற்று என்பதையே இன்று கூற வந்தேன்.

முதலில் ஒரு வினா. வேண்டிய புரதத்தைப் பாக்டீரியாவைக் கொண்டே செய்துகொண்டால் என்ன? அது விரைந்து பெருகும். மலிவான உணவில் வளரும். உண்மையில் அவ்வாறு செய்வதும் உண்டு. மனித இன்சுலினை ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் விளைவித்து 1982-இல் மருந்தாக வெளியிட்டார்கள். ஆனால் இன்சுலின் மிகச் சிறிய புரதம். அதிலுள்ள அமினோ அமிலங்கள் 51 தாம். புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த மாலை என்று வகுப்பிலே சொல்லித் தருகிறோம். கோத்தால் மட்டும் போதாது. அம்மாலை உரிய முறையில் மடிய வேண்டும். ஆங்காங்கே முடிச்சிடப்பட வேண்டும். பல புரதங்களுக்குக் குறித்த இடங்களிலே சர்க்கரைச் சங்கிலிகளும் தொங்கவிடப் பெற வேண்டும். அப்போதுதான் அது தன் வேலையைச் செய்யும். உறைவைக் கரைக்கும் டி.பி.ஏ. என்னும் புரதத்தில் அமினோ அமிலங்கள் 527. அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கந்தக முடிச்சுகள் 17. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் என்னும் புரதத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு சர்க்கரையே. அச்சர்க்கரை குறைவுபட்டால் நம் உடல் அதனை இரத்தத்திலிருந்து விரைவில் அகற்றிவிடுகிறது. ஊசி போட்டும் பயனில்லை. பாக்டீரியாவுக்கு மாலை கோக்கத் தெரியும். இத்துணை முடிச்சும் தொங்கலும் அதற்குக் கைவராத வேலை. பாலூட்டியின் உயிரணுவுக்கோ அது அன்றாடத் தொழில்.

ஆதலின் பாலூட்டியின் உயிரணுவே வேண்டும். அதனைப் பாக்டீரியாவைப் போல் எளிதாக வளர்க்க இயலுமா? 1950-க்கு முன் இதற்கு விடை ஏறக்குறைய ‘இயலாது’ என்பதே. திசுத் துண்டுகளைக் கண்ணாடிப் பாத்திரத்திலே உயிரோடு வைத்திருக்கும் கலை அன்றே இருந்தது. அது ஒரு கலையாகவே இருந்தது, கைராசியைப் பொறுத்தது. அளந்து எண்ணிச் சோதிக்கும் விஞ்ஞானமாக அது வளரவில்லை.

பக் 1916-இல் சிகாகோவில் பிறந்தவர். அந்நகரத்துப் பல்கலைக் கழகத்தில் பௌதிக ரசாயனம் பயின்று 1940-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காற்றின் வழியே பரவும் நோய்க்கிருமிகளை எவ்வாறு அழிப்பது என்னும் ஆராய்ச்சியிலே ஈடுபட்டார். பின்னர்க் கலிபோர்னியாவில் மாக்ஸ் டெல்பிரூக் என்னும் அறிஞரிடம் சென்று, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராயக் கற்றார். 1948-இல் டென்வர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக் கழகத்து மருத்துவப் பள்ளியில் உயிர்ப்பௌதிகத் துறையை நடத்தும் பொறுப்பேற்றார். இந்த வாழ்க்கைக் குறிப்பிலே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் டாக்டர் பட்டம் பெற்ற துறை ரசாயனம். பாக்டீரியா ஆராய்ச்சியில் வழங்கிய முறைகளை அவர் அறிந்தது அதன் பின்னர். அவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பாலூட்டியின் உயிரணுவை நோக்கினார். ஆகவே அத்துறையிலேயே பழகியவர்கள் கேளாத கேள்வியைக் கேட்டார்.

பாக்டீரியா ஆராய்ச்சியாளர் செய்வது யாது? ஒரு தட்டிலே ஊட்டப்பொருளை இட்டு, அதன்மேல் பாக்டீரியாக்களைத் தனித் தனியே விழும்படி தெளிப்பார். மறுநாள் ஒவ்வொன்றும் ஒரு கூட்டமாகப் பெருகியிருக்கும். கூட்டங்களை எண்ணினால், தெளித்தவற்றுள் எத்தனை பிழைத்தன என்று தெரியும். ஒரு கூட்டத்தைக் கிள்ளி எடுத்தால், அதிலுள்ளவை யாவும் ஒரே தாயின் மக்கள். பாக்டீரியா மரபியல் ஆராய்ச்சி பெரிதும் இந்த எளிய செயலின்மேல்தான் நிற்கிறது. நல்ல விதை வேண்டுவோர் ஒரே கதிரைத் தெரிந்தெடுத்து, அதன் மணிகளை வேறெதனோடும் கலவாமல் விதைப்பது போன்றது இது. பாலூட்டியின் உயிரணுவிலும் இதைச் செய்ய முடியுமா என்பதே பக் கேட்ட கேள்வி.

அதற்குப் பெருந்தடை ஒன்று இருந்தது. பல்லாயிரம் உயிரணுக்களை ஒருங்கே இட்டால் வளரும்; ஒன்றைத் தனியே இட்டால் மடிந்துவிடும். 1948-இல் வில்ட்டன் எர்ல் என்பவரின் குழுவினர், ஒற்றை உயிரணுவை மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் அடைத்து, அரும்பாடுபட்டு ஒரு கூட்டமாக வளர்த்திருந்தார்கள். அச்செய்தியிலேயே ஒரு குறிப்பு ஒளிந்திருந்தது. குறுகிய குழாயில் உயிரணுவைச் சூழ்ந்திருக்கும் நீர் மிகக் கொஞ்சம். உயிரணு தன் உள்ளிருந்து கசியவிடும் இன்றியமையாத பொருள்கள் அச்சிறு நீரிலே செறிந்து நிற்கும். அகன்ற தட்டிலோ அவை கரைந்து காணாமற் போகும். அங்ஙனமாயின் தட்டிலே தனித்த உயிரணுவுக்கு அண்டை வீட்டார் இருப்பதுபோல ஒரு நிலையை உண்டாக்க வேண்டும். ஆனால் அந்த அண்டை வீட்டாரும் பெருகத் தொடங்கினால் யார் கூட்டம் எது என்று தெரியாமற் போய்விடுமே!

இச்சிக்கலை அவிழ்த்த யோசனையில், அணுசக்தி வரலாற்றில் புகழ்பெற்ற லியோ ஸிலார்டுக்கும் பங்கு உண்டு. அவர் அக்காலத்தில் டென்வருக்கு வந்து பக்கின் ஆய்வுக்கூடத்தாரோடு கலந்து பேசுவது வழக்கம். பக்கும் அவர் மாணவர் ஃபிலிப் மார்க்கஸும் செய்தது இது: ஒரு தொகுதி உயிரணுக்களின்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். அவை உயிரோடிருந்தன, உண்டன, கசிந்தன; ஆனால் பிரிந்து பெருகும் ஆற்றலை மட்டும் இழந்துவிட்டன. அவற்றைத் தட்டில் செவிலித் தாயர்போல் பரப்பி, அதன்மேல் பழுதற்ற உயிரணுக்களைச் சிலவாகத் தெளித்தார்கள். தெளித்த ஒவ்வொன்றும் ஒரு கூட்டமாயிற்று. 1955-இல் இது வெளியாயிற்று. சிறிது காலத்திற்குள் ஊட்டக்கரைசலையும் வளர்க்கும் சூழலையும் திருத்தி, செவிலித் தாயரே இல்லாமல் வளர்க்கவும் வழி கண்டார்கள். இச்சோதனையில் முதலில் பயன்பட்டவை ஹீலா உயிரணுக்கள். ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து, அவருடைய சம்மதம் கேளாமலே 1951-இல் எடுக்கப்பட்டவை அவை. விஞ்ஞானத்தின் பயனை எடுத்துச் சொல்லும்போது இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

எண்ணும் வழி கிடைத்தவுடன் எண்ணினார்கள். எக்ஸ் கதிர் பட்ட உயிரணுக்களில் எத்தனை கூட்டம் எழுப்ப வல்லவை என்று 1956-இல் அளந்தபோது, அதற்கு முன் பலர் எண்ணியிருந்ததைவிட மிக மிகக் குறைந்த அளவே, ஏறத்தாழ 100 ராண்ட்ஜனே, அவற்றின் பெருகும் ஆற்றலை அழிக்கப் போதும் என்று தெரிந்தது. புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் செய்வோருக்கு இது அடிப்படைச் செய்தி. 1958-இல் பக்குக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது.

இனி ஹாம்ஸ்டர் கதைக்கு வருவோம். புற்றுக்கட்டியின் உயிரணுக்களிலே குரோமோசோம்கள் தாறுமாறாக இருக்கும். மரபியல் ஆராய்ச்சிக்கு அவை ஏற்றவை அல்ல. பக் வேண்டியது குரோமோசோம்கள் குறைவாகவும் பெரியனவாகவும் உள்ள பிராணி. சீன ஹாம்ஸ்டருக்கு அவை 22 மட்டுமே. வடசீனத்து வயல்களில் வாழும் இப்பிராணியை 1919 முதலே பீக்கிங் நகர மருத்துவர்கள் சுண்டெலிக்குப் பதிலாகச் சோதனைகளில் பயன்படுத்தி வந்தார்கள். கூண்டிலே அது எளிதில் குட்டி போடுவதில்லை. ஆகவே வேறு நாட்டார்க்கு அது எளிதில் கிட்டவில்லை. சீனாவில் உள்நாட்டுப் போர் முற்றிய 1948-ஆம் ஆண்டின் இறுதியில், பீக்கிங் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹு என்னும் மருத்துவர், ராபர்ட் வாட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவரிடம் ஆண் பத்தும் பெண் பத்துமாக இருபது ஹாம்ஸ்டர்களைக் கொடுத்தனுப்பினார். ஒரு மரப்பெட்டியிலே அவை ஷாங்காய் சென்று, அந்நகர் கைமாறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் விமானம் ஏறின. அவ்வுதவியே பின்னாளில் ஹு மீது குற்றச்சாட்டாக எழுந்தது. அமெரிக்காவில் விக்டர் ஷ்வென்ட்கர் என்பவர் பொறுமையோடு அவற்றை இனப்பெருக்கம் செய்தார். அவரிடமிருந்து பெற்ற ஹாம்ஸ்டர்களைப் பாஸ்டனில் வளர்த்துவந்த ஜார்ஜ் யெர்கானியன், பக் கேட்டுக்கொண்டபடி 1957-இல் ஒரு பெண் ஹாம்ஸ்டரை அனுப்பிவைத்தார்.

அதன் சினைப்பையின் சிறு துண்டு ஒன்றிலிருந்து வளர்ந்த உயிரணுக்கள் வியக்கத்தக்கவையாக இருந்தன. பிற திசுக்களின் உயிரணுக்கள் சில காலம் பெருகிப் பின் ஓய்ந்துவிடும். இவையோ ஓயவில்லை, ஏறக்குறைய நாள் ஒன்றுக்கு ஒரு முறை இரட்டித்தன, தட்டில் ஒட்டியும் வளர்ந்தன, பழக்கினால் நீரில் மிதந்தும் வளர்ந்தன. பக் அவற்றை உலக ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் வழங்கினார். 1972-இல் அவர் எழுதிய நூலின் பெயரே, பாலூட்டி உயிரணுவை ஒரு நுண்ணுயிராகக் காண்பது என்று பொருள்படும். அவர் வாழ்நாள் வேலை அத்தலைப்பில் அடங்கிவிடுகிறது.

இவ்வளவும் கல்விக்கூடத்து ஆராய்ச்சி. இது மருந்துத் தொழிலுக்கு வந்து சேர்ந்த வழியிலும் பேராசிரியர்களே நிற்கிறார்கள். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில் லாரன்ஸ் சேஸின், கெயில் உர்லாப் என்னும் இருவர் மரபணுவிலே திரிபு எழும் விதத்தை ஆராய்ந்துவந்தார்கள். டி.என்.ஏ.யின் உறுப்புகளை ஆக்குவதற்கு இன்றியமையாத ஓர் என்சைம் உண்டு. அதன் பெயர் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்; நீளம் கருதி ‘அந்த என்சைம்’ என்றே சொல்லிக்கொள்வோம். அது இல்லாத ஹாம்ஸ்டர் உயிரணு ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. கோடிக்கணக்கானவற்றுள் அத்தகைய ஊனமுள்ள ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? வயலில் நாம் களையைப் பிடுங்கிப் பயிரைக் காப்போம். அவர்கள் செய்தது இதற்கு நேர்மாறு. கதிர்வீச்சுள்ள ஓர் உணவைக் கொடுத்தார்கள். அந்த என்சைம் உள்ள நல்ல உயிரணுக்கள் அதனை உண்டு, தம் டி.என்.ஏ.யிலே சேர்த்துக்கொண்டு மடிந்தன. சேர்க்கத் தெரியாத ஊனமுற்றவை பிழைத்தன. 1980-இல் இதனை வெளியிட்டார்கள்.

இந்த ஊனமே மருந்துத் தொழிலுக்குப் பிடியாயிற்று. மருந்துப் புரதத்தின் மரபணுவோடு அந்த என்சைமின் மரபணுவையும் சேர்த்து அவ்வுயிரணுக்களுக்குக் கொடுத்தால், ஏற்றுக்கொண்டவை மட்டுமே பிழைக்கும். பின்னர் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அந்த நஞ்சு அந்த என்சைமை முடக்குவது. ஆகவே அந்த மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கிக்கொண்ட உயிரணுவே அதனைத் தாங்கும். இத்தகைய பெருக்கம் நிகழ்வதை ஸ்டான்போர்டில் ராபர்ட் ஷிம்கேயின் குழு 1978-இல் காட்டியிருந்தது. கூடவே ஒட்டியிருக்கும் மருந்தின் மரபணுவும் பெருகிவிடும். உயிரணு மருந்தை மிகுதியாகச் சுரக்கும். இங்கே நமக்கு உரிய பெயர் ஒன்றும் வருகிறது. ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தை நடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் குழுவே 1940-களில் ஃபோலிக் அமிலத்தையும் அதற்கு எதிரான பொருள்களையும் ஆக்கியது. மெத்தோட்ரெக்ஸேட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு மருந்தாக வந்த குடும்பம், இங்கே தேர்வு நடத்தும் ஆசானாகவும் ஆயிற்று.

1987 நவம்பரில் டி.பி.ஏ. அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணு மாற்றிய பாலூட்டி உயிரணுவிலிருந்து வந்த முதல் மருந்து அதுவே. ஆக்கியவை ஹாம்ஸ்டர் உயிரணுக்கள். அதற்கு வழிகோலியவரும் ஒரு பேராசிரியர்: பெல்ஜியத்து லூவென் பல்கலைக் கழகத்தின் டெஸிரே கொலென், வளர்ப்புத் தட்டிலிருந்த புற்று உயிரணுக்கள் சுரந்த திரவத்திலிருந்து அப்புரதத்தைத் தூய்மையாக்கியிருந்தார். இரண்டாண்டுகள் கழித்து எரித்ரோபொய்ட்டின் வந்தது. அதன் முன்கதையைக் கேளுங்கள். சிகாகோவில் யூஜின் கோல்ட்வாஸர் இருபதாண்டுகளுக்கு மேல் அதனைத் தேடினார். ஜப்பானின் குமமோட்டோ நகரத்து மருத்துவர் மியாகே, கடும் இரத்தச் சோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டரைச் சேகரித்து, வற்றவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். 1977-இல் அதிலிருந்து கிடைத்த தூய புரதம் ஏறத்தாழ 8 மில்லிகிராம்! அத்துளியைக் கொண்டே மரபணுவைக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. பின்னர்த் தொட்டிகளில் ஹாம்ஸ்டர் உயிரணுக்கள் அதனைச் சுரக்கத் தொடங்கின. சிறுநீரக நோயாளிகளுக்கு மாதந்தோறும் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை பெரிதும் மாறியது.

இம்முறையால் விளைந்த நன்மையை ஹீமோஃபிலியா நோயாளிகளிடம் மிகத் தெளிவாகக் காணலாம். சிறு காயத்திலும் இரத்தம் உறையாமல் ஒழுகும் அந்நோய்க்கு, எட்டாவது உறைகாரணி என்னும் புரதத்தை ஊசியாகத் தர வேண்டும். அதனை ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தை ஒன்றாகக் கலந்து பிரித்தெடுத்து வந்தார்கள். கொடையாளர் ஒருவருக்கு நோய் இருந்தாலும் போதும். கலவை முழுவதும் நஞ்சாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் வைரஸ் அவ்வழியே புகுந்து, அமெரிக்காவின் ஹீமோஃபிலியா நோயாளிகளுள் ஏறத்தாழ பாதிப் பேரைப் பற்றியது. சிறுவர்களும் அவர்களுள் அடக்கம். 1992-இல் ஹாம்ஸ்டர் உயிரணு ஆக்கிய எட்டாவது உறைகாரணி வந்தது. 2,332 அமினோ அமிலங்கள் கொண்ட அப்பெரும் புரதத்தை ஆக்குவதற்கு, இனிப் பிறர் இரத்தத்தைக் கலந்து பிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனித் தொழிற்சாலையைச் சற்று எட்டிப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் குப்பியிலே, திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் உயிரணுக்களை எழுப்புகிறார்கள். சிறு குடுவை, பெரிய குடுவை, சிறு தொட்டி எனப் பல வாரங்களில் 10,000 லிட்டர் தொட்டிவரை அவற்றைப் பெருக்குகிறார்கள். வெப்பம் 37 பாகைக்கு அண்மையில் நிற்க வேண்டும். பிராணவாயு குறையக் கூடாது. அதை ஊட்டுவதற்காக விடும் காற்றுக் குமிழி உடைந்தாலும், சுவரற்ற இவ்வுயிரணு அதன் வேகத்தில் கிழிந்துபோகலாம். எல்லாவற்றிலும் பெரும் பகை அழுக்கு. ஹாம்ஸ்டர் உயிரணு ஒன்று இரண்டாவதற்குள் ஒரு பாக்டீரியா எழுபது தலைமுறை காணும். வைரஸ் புகுந்தாலும் கேடுதான். 2009-இல் பாஸ்டன் நகரிலிருந்த ஒரு தொழிற்சாலையின் தொட்டியில் வெசிவைரஸ் 2117 புகுந்தது. அது மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஹாம்ஸ்டர் உயிரணுக்களை அழித்தது. ஆலையை மூடிக் கழுவினார்கள். கோஷே என்னும் அரிய பரம்பரை நோய்க்கான மருந்து அங்கேதான் ஆகிக்கொண்டிருந்தது; நோயாளிகள் பலர் மாதக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

1980-களின் நடுவில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் கிடைத்த புரதம், 2004-க்குள் 5 கிராமை நெருங்கிவிட்டது என்று சுவிட்சர்லாந்தின் லோஸான் நகரப் பேராசிரியர் ஃப்ளோரியன் வுர்ம் எடுத்துக் காட்டினார். இந்த நூறு மடங்குக்குக் காரணம் பெரும்பாலும் நல்ல ஊட்டக்கரைசலும் நல்ல உயிரணுத் தேர்வுமே. தேர்வு என்றால் என்ன? ஆயிரக்கணக்கானவற்றைத் தனித் தனியே வளர்த்து, சிறந்த ஒன்றின் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. மருந்தை ஆக்கும் உயிரணுக்கள் யாவும் ஒரே உயிரணுவின் வழி வந்தவை என்பதற்கு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இன்று சான்று கேட்கிறார்கள். 1955-இல் டென்வரில் தட்டிலே எழுந்த கூட்டத்தை நினைவுகூருங்கள்.

பக் தம் ஹாம்ஸ்டரைக் கொண்டு தொழிற்சாலை எதுவும் கட்டவில்லை. மனிதக் குரோமோசோம்களுக்கு எண்ணிட்டுப் பெயரிடும் முறையை வகுக்க 1960-இல் டென்வரில் அறிஞர்களைக் கூட்டினார். எலினார் ரூஸ்வெல்ட் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தை அங்கே நிறுவி நடத்தினார். மனிதரின் 21-ஆம் குரோமோசோமையும், அது ஒன்று மிகுவதால் வரும் டவுன் நோய்க்குறியையும் நெடுங்காலம் ஆராய்ந்தார். 2005 நவம்பரில், தம் 89-ஆம் வயதில் காலமானார்.

ஆறாண்டுகள் கழித்து, 2011-இல், அவர் வளர்த்த உயிரணு மரபின் டி.என்.ஏ. வரிசை படித்து வெளியிடப்பட்டது. சீரான 22 குரோமோசோம்களுக்காக அவர் தேர்ந்த அந்த உயிரணுக்கள், பல்லாண்டு தட்டிலும் தொட்டியிலும் வாழ்ந்ததில், தம் குரோமோசோம்களை உடைத்தும் ஒட்டியும் மாற்றிக்கொண்டுவிட்டன. ஒரே பெயரில் வழங்கும் இரண்டு ஆய்வுக்கூடத்து உயிரணுக்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. நன்றாகச் சுரந்துகொண்டிருந்த ஒரு மரபு, சில பத்துத் தலைமுறைகளுக்குள் தான் பெருக்கிக்கொண்ட மரபணுப் படிகளை இழந்து சுரப்பைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. அது ஏன் நிகழ்கிறது, எவ்வாறு தடுப்பது என்பதைப் பல்கலைக் கழகத்து ஆய்வுக்கூடங்களும் மருந்து ஆலைகளும் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றன.